பாட்டிலில் மிச்சமிருந்த காற்று

அந்தத் துறைமுகத்தில் "ஜெட்" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட அவர் வீட்டைக் கைகாட்டும். படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் கடைசி ஆறு மாதம் பள்ளிக்கூடம் போனதைவிடப் போகாததுதான் அதிகம். ஆனால் அந்தக் கடலில் ஓடிய ஒரே டர்பைன் கப்பலை இருபத்திரண்டு வருஷம் தன் இரண்டு கைக்குள் வைத்திருந்தவர் அவர். சட்டைப்பையில் மூன்று பேனா செருகிக்கொண்டு எத்தனையோ பேர் அந்த என்ஜின் ரூமுக்குள் இறங்கியிருக்கிறார்கள். அவரைக் கேட்காமல் ஒரு வால்வைத் தொட்டவர் கிடையாது. இதை அவரே நாலு பேரிடம் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார். பொய் இல்லை என்பதால் யாரும் மறுத்ததும் இல்லை.

டர்பைன் என்பது வேறொன்றுமில்லை, விமானத்தில் இருக்கிற அதே சங்கதிதான். முன்பக்கம் காற்றை இழுத்து, வரிசை வரிசையான தகடுகளால் அதை நெருக்கி, நடுவில் எண்ணெயைத் தெளித்து நெருப்பு வைத்து, பின்பக்கம் சீறிவரும் அனலால் ஒரு சக்கரத்தைச் சுற்ற வைப்பது. டீசல் என்ஜினில் பிஸ்டன் இடித்துக்கொண்டே கிடக்கும். இதில் இடி கிடையாது, ஒரே சுழற்சி. ஒரு கூடம் நிறைய நிற்கிற டீசல் தரும் சக்தியை ஒரு கட்டில் நீளத்து டர்பைன் தந்துவிடும். என்ன, எண்ணெயை மட்டும் குடிகாரன்போலக் குடிக்கும்.

அவரும் முதலில் டீசலில்தான் கிடந்தார். தீவுக்கும் கரைக்கும் இரண்டரை மணி நேரம் ஆடி அசைந்து போகும் பழைய கப்பலில், மனைவியின் அண்ணனோடு, முழங்கை வரை எண்ணெய் மசியோடு ஒன்பது வருஷம். அப்போதுதான் முதலாளி அந்த வேகக் கப்பலை வாங்கிக் கொண்டுவந்து நிறுத்தினார். நாற்பது நிமிஷத்தில் தீவு. படித்த என்ஜினியர்கள் இரண்டு பேர் இறங்கிப் பார்த்துவிட்டு, இது நமக்கு ஒத்துவராது என்று மேலே ஏறிவிட்டார்கள். இவர் இறங்கினவர் ஏறவில்லை.

டீசல் கப்பலை விட்டுப் போகிற அன்று மச்சானிடம் சொன்ன ஒரு வார்த்தை துறைமுகத்தில் வெகுநாள் சுற்றியது.

"மச்சான், உங்க என்ஜினுக்கு ஆள் தேவையில்ல. ஒரு மாட்டுக்காரன் போதும். தண்ணி காட்டணும், தீனி போடணும், அவ்வளவுதானே."

"போ மாப்பிள்ளை, போ," என்றார் மச்சான். "மாடு வயசானாலும் நிக்கும். உன் குதிரை படுத்துச்சுன்னா எழுந்திரிக்காது."

அதற்குப் பிறகு இரண்டு கப்பலும் நடுக்கடலில் எதிர்ப்படும் ஒவ்வொரு முறையும் இவர் மேலே வந்து நின்று கையை அசைப்பார். அது வணக்கம் இல்லை என்பது மச்சானுக்குத் தெரியும்.

என்ஜினோடு கம்பெனி ஆள் ஒருவன் வந்திருந்தான். ஆறு மாதம் தங்கினான். பெரிய புத்தகம் ஒன்றும் இருந்தது. இவருக்குப் புத்தகம் ஆகாது. அவன் செய்வதைக் கண்ணால் பிடித்து, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டே மனைவியிடம் ஒப்பிப்பார். அந்த அம்மாள் பத்தாவது வரை படித்தவள். கோடுபோட்ட நோட்டில் அதையெல்லாம் எழுதி வைத்து மறுநாள் படித்துக் காட்டுவாள். "நேத்து எட்டு சொன்னீங்க, இன்னைக்குப் பத்துங்கறீங்க. எது சரி?" என்று மடக்குவாள். இப்படி மூன்று நோட்டு. அந்தத் துறைமுகத்தில் டர்பைன் தெரிந்தவர்கள் இரண்டு பேர் என்று சொல்ல வேண்டும். ஒருவர் ஒருநாளும் அதைப் பார்த்ததில்லை.

போன வருஷம் எண்ணெய் விலை ஏறி, வேகக் கப்பலுக்குப் பயணச்சீட்டு வாங்க ஆள் இல்லாமல் போனது. முதலாளி கப்பலைக் கரையில் கட்டிப் போட்டார். ஏழு மாதம். கப்பல் ஓடாவிட்டாலும் இவர் தினமும் ஏழு மணிக்கு உள்ளே இறங்கினார், துடைத்தார், அஞ்சு மணிக்கு ஏறினார். வீட்டுக்கு வரும் வழியில் யாராவது "என்ன ஜெட்டு, பறக்கலையா?" என்று கேட்டால், "பறக்கறதுக்கு நான் தயார்தான். உக்காரத்தான் உங்க யாருக்கும் தைரியம் இல்ல," என்பார். வாய் அப்படியேதான் இருந்தது. முகம்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கிக்கொண்டு வந்தது.

அந்த நேரத்தில் கரையிலிருக்கும் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பேச்சு வந்தது. தீவில் யாருக்காவது மாரடைப்பு வந்தால், பிரசவம் சிக்கலானால், டீசல் கப்பலில் ஏற்றிக் கொண்டுவருவதற்குள் பாதிப்பேர் போய்விடுகிறார்கள். வேகக் கப்பலை ஆஸ்பத்திரியே மூன்று வருஷத்துக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று யோசனை. ஒரு டாக்டரம்மா வந்து பார்ப்பார். தீவுக்கு ஒரு தடவை போய்த் திரும்ப வேண்டும். திரும்பி வருகிற பாதை ஐம்பது நிமிஷத்துக்குள் முடிந்தால் ஒப்பந்தம். இல்லையென்றால் என்ஜினைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டு, கப்பல் கூட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார்.

ஐம்பது நிமிஷம் அவருக்கு ஒரு கணக்கே இல்லை. ஆனாலும் அந்த வாரம் முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என்ஜின் போனால் வயிற்றுப்பாட்டுக்கு என்ன என்பதுகூட அவர் மனசில் அவ்வளவாக இல்லை. அந்த என்ஜின் போய்விட்டால் அவர் ஜெட் இல்லை. வெறும் ஐந்தாம் வகுப்பு.

அன்று காலை செய்த காரியம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

கடற்காற்றில் உப்பு இருக்கும். அது டர்பைனின் முன்தகடுகளில் வெள்ளையாகப் படியும். படிந்தால் சக்தி குறையும். அதனால் சோப்புத் தண்ணீர் தெளித்துக் கழுவ வேண்டும். கழுவும்போது என்ஜின் மெதுவாகச் சுழல வேண்டும். சுழற்றுவதற்கு இரண்டு பெரிய இரும்புப் பாட்டில்களில் அடைத்து வைத்திருக்கும் அழுத்தக் காற்று. என்ஜினைக் கிளப்புவதற்கும் அதே காற்றுதான். இரண்டு பாட்டிலும் நிறைந்திருந்தால் ஆறு தடவை சுழற்ற, அதாவது ஆறு சுற்றுக்கு வரும். ஒரு சுற்றுக்கான காற்றை மூலையிலிருக்கும் சின்னக் கம்ப்ரசர் திரும்ப நிரப்ப அரைமணி நேரம் பிடிக்கும்.

மூன்று நாள் முன்புதான் கழுவியிருந்தார். போதும். ஆனால் டாக்டரம்மா டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பார்த்தால் தகடுகள் கண்ணாடிபோல மின்ன வேண்டும் என்று ஓர் ஆசை. படித்த பொம்பளை, பெரிய ஆஸ்பத்திரி. இந்த மனிதன் வேலைசெய்கிற இடம் தன் ஆபரேஷன் அறையைவிடச் சுத்தம் என்று அவள் வாயால் வர வேண்டும். ஏழு மணிக்குச் சோப்புக்கு ஒரு சுற்று, அலச மூன்று சுற்று. நாலு சுற்றுக் காற்றைச் செலவழித்தார். தகடுகள் மின்னத்தான் செய்தன.

ஒன்பது மணிக்குள் கம்ப்ரசர் பாதிக்கு மேல் நிரப்பிவிடும் என்பது அவர் போட்ட கணக்கு. கழுவி முடித்துக் கம்ப்ரசரைப் போட்டதும், எட்டு மணிக்கே டாக்டரம்மா வந்து நின்றார். கம்ப்ரசர் ஓடும்போது தடதடவென்று காது அடைக்கிற சத்தம். பேசினால் கேட்காது. அதை நிறுத்தினார்.

"இவர்தான் எங்க ஜெட் அண்ணே," என்றார் கேப்டன். வயதில் இளையவர்.

டாக்டரம்மா உண்மையிலேயே டார்ச் கேட்டு வாங்கிக் குனிந்து பார்த்தார். "ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்க ஐயா," என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. தான் பெருக்குகிற வேலையிலிருந்து தொடங்கியது, படித்த இரண்டு பேர் பயந்து ஓடியது, கம்பெனி ஆள் போகும்போது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். ஒன்பது மணிக்கு ஒரு சுற்றுக் காற்றில் என்ஜினைக் கிளப்பினார். போகிற வழியெல்லாம் டாக்டரம்மா, என்ஜினைக் கவனிக்கும் கண்ணாடி அறைக்குள் அவர் பக்கத்திலேயே நின்று கேள்வி கேட்டார். கேட்கிற ஆளை விட்டு நகர்ந்து போய்க் கம்ப்ரசர் சுவிட்சைப் போட அவருக்கு மனசு வரவில்லை. தீவில் நிறுத்தி, திரும்பக் கிளப்பியபோது பாட்டிலின் கேஜ் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதைப் பார்த்தார். டாக்டரம்மா மேலே போனதும் கம்ப்ரசரைப் போட்டார். கப்பல் ஓடுகிறது, இனி கரையில்தானே நிறுத்தப் போகிறோம், காற்று எதற்கு என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது. இருபத்திரண்டு வருஷத்தில் நடுக்கடலில் நின்றதே இல்லை.

கிளம்பிப் பதினைந்தாவது நிமிஷம். முழு வேகம். டாக்டரம்மா மேலே கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே முழு மரம் ஒன்று, எந்தக் கப்பலில் இருந்து விழுந்ததோ, நேர் எதிரே மிதந்தது. கேப்டன் அவசர நிறுத்தத்தை அழுத்திவிட்டுத் திருப்பினார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். மரம் உரசாமல் கடந்துபோனது. கீழே என்ஜின் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது.

டர்பைனை முழு வேகத்தில் ஓடும்போது அப்படி அணைக்கக் கூடாது. அணைந்துவிட்டால் பத்து நிமிஷத்துக்குள் திரும்பக் கிளப்பி, மெதுவாக ஓடவிட்டு ஆற வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளிக்கூடு முதலில் ஆறிச் சுருங்கும். உள்ளே சக்கரம் சூட்டில் பருத்தே இருக்கும். தகடுகளின் நுனி கூட்டில் போய்க் கவ்விக்கொள்ளும். அதன் பிறகு நாலு மணி நேரம் அதைத் தொடவே கூடாது. எல்லாம் ஒரே சீராக ஆறினால் தானாக விடும்.

வால்வைத் திறந்தார். காற்று சீறியது. சக்கரம் சுழலத் தொடங்கி, ஏறி, ஏறி, நெருப்புப் பிடிக்க வேண்டிய வேகத்துக்குப் பாதியில் தயங்கியது. சீற்றம் மெலிந்தது. நின்றது. கேஜ் முள் அடியில் கிடந்தது.

மூலையில் கம்ப்ரசர் தன் பாட்டுக்குத் தடதடத்துக்கொண்டிருந்தது. அதற்கு என்ன அவசரம். அவர் கேஜுக்கு முன்னால் நின்றார். இரண்டு நிமிஷம். ஐந்து நிமிஷம். முள் எறும்புபோல ஊர்ந்தது. ஒன்பதாவது நிமிஷம் கேஜ் கண்ணாடியை விரலால் தட்டினார். அப்படித் தட்டுகிற ஆட்களை எத்தனை முறை கேலி செய்திருக்கிறார். பத்து ஆனது. பதினொன்று ஆனது. அவர் கையை வால்விலிருந்து எடுத்துக் கழுத்திலிருந்த துணியில் துடைத்தார்.

கப்பலில் துறைமுகத்துக்குள் நகர்வதற்கென்று இரண்டு குட்டி டீசல் இருந்தன. அவற்றைப் போட்டார்கள். கப்பல் அந்தப் பழைய டீசல் கப்பலைவிடவும் மெதுவாக நகர்ந்தது.

அரைமணி நேரம் கழித்துக் கேப்டன் கீழே வந்தார். "அண்ணே, இப்பதான் காத்து ஏறியிருக்கே. ஒரு தடவை கிளப்பிப் பாருங்களேன்."

"கிளப்பினா உள்ள அத்தனை தகடும் உதிரும்."

"எப்படியும் போகப்போற என்ஜின்தானேண்ணே. ஒருவேளை கிளம்பிட்டா?"

"கிளம்பாது. நாலு மணி நேரம்."

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு கேப்டன்? அது மூச்சு முட்டிக் கிடக்கு. நான் அது நெஞ்சுல ஏறி மிதிக்கவா?"

கேப்டன் மேலே ஏறிப் போனார்.

பின்னாலிருந்து மச்சானின் டீசல் கப்பல் வந்து, பக்கவாட்டில் தாண்டியது. பயணிகள் ஓரத்தில் குவிந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். வயர்லெஸ்ஸில் அந்தக் கப்பல் கேப்டனின் குரல் சிரிப்போடு வந்தது: "எங்க என்ஜின்காரர் கேக்கச் சொல்றார். அவர் மாப்பிள்ளைக்கு ஒரு கயிறு வேணுமான்னு, இழுக்கணுமான்னு." இவர் அப்போது படியேறி மேலே வந்துகொண்டிருந்தார். காதில் விழுந்தது. விழாததுபோல நடந்தார்.

டாக்டரம்மாவைப் பார்த்துப் பேசத்தான் அவர் மேலே வந்தார். பிறந்ததிலிருந்து தன் வாயால் சொல்லாத ஒன்றைச் சொல்ல. படியில் இரண்டு முறை நின்று வந்தார்.

"டாக்டரம்மா, என்ஜின் மேல குத்தம் இல்ல. குத்தம் என்னோடது."

டாக்டரம்மா கடிகாரத்தை மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். "சொல்லுங்க ஐயா."

"காலையில தேவையில்லாம கழுவினேன். நீங்க பாக்கணும்னு. அதுல காத்து தீர்ந்துடுச்சு. அப்புறம் சத்தமா இருக்குன்னு கம்ப்ரசரையும் நிறுத்தினேன், உங்ககிட்ட பேசறதுக்காக. இல்லன்னா இந்நேரம் கரையில இருப்போம். வேற ஒரு நாள் வாங்க. நாப்பது நிமிஷத்துல கொண்டுபோய் விடறேன். என் தலைமேல அடிச்சுச் சொல்றேன்."

டாக்டரம்மா கடலைப் பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை அந்த முகத்தில். அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"நீங்க உண்மையைச் சொன்னீங்க. யாரும் சொல்ல மாட்டாங்க," என்றார். "ஆனா ஐயா, என்ஜின் பழுதுன்னு சொல்லியிருந்தா, பழுது பாத்துட்டு வாங்கன்னு நானும் சொல்லியிருப்பேன். இது பழுது இல்லன்னு நீங்களே சொல்றீங்க. ஒரு சின்ன மறதி. இவ்வளவு தெரிஞ்ச உங்களுக்கே வர்ற மறதி. எங்க ஆஸ்பத்திரியில அப்படி மறக்கற ஆள் முப்பது பேர் இருக்கோம், என்னையும் சேத்து. மறந்தா அஞ்சு நிமிஷம் லேட்டாகற சாமான் பரவாயில்ல. நாலு மணி நேரம் கவ்விக்கிற சாமானை நம்பி நான் எப்படி ஒரு நோயாளியை ஏத்துவேன்?"

"நான் இருக்கேனே அம்மா."

"நீங்கதானே இன்னைக்கும் இருந்தீங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் எந்தப் பேனாக்காரனையும் வாயால் மடக்கியவர் அவர். படியிறங்கிக் கீழே போய், சூடு தணிகிறதா என்று கூட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. டாக்டரம்மா இறங்கிப் போனார். போகும்போது கீழே வந்து அவரிடம் சொல்லிக்கொண்டுதான் போனார். முதலாளி வந்தார், கேப்டனிடம் தனியாகப் பேசினார், போனார். இரண்டேகால் மணிக்கு நாலு மணி நேரம் முடிந்தது. அவர் வால்வைத் திறந்தார். என்ஜின் முதல் இழுப்பிலேயே பிடித்தது. வெண்ணெய்போல ஓடியது. எந்த முள்ளும் ஒரு இம்மிகூடத் தள்ளி நிற்கவில்லை. மேலேயிருந்து கேப்டன் குனிந்து, "அண்ணே, எண்ணெய் வீணாகுது, முதலாளி திட்டுவார்," என்றார். முறைப்படி ஐந்து நிமிஷம் மெதுவாக ஓட்டி, ஆற வைத்து, அணைத்தார்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்து முகத்தைப் பார்த்தாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் நடந்ததைச் சொல்லத் தொடங்கி, மரம் வந்தது, கேப்டன் நிறுத்தினார் என்பது வரைதான் வந்தார்.

"பத்து நிமிஷத்துக்குள்ள கிளப்பலையா?" என்றாள்.

"காத்து இல்ல."

"ரெண்டு பாட்டில்லயுமா?" அவள் கை முந்தானையில் நின்றது. "காலையில எத்தனை தடவை சுத்தினீங்க?"

"நாலு."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊரில் வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் அந்த நாலு என்ன என்று விளக்க வேண்டியிருந்திருக்கும். அவளிடம் வேண்டியதில்லை. அதுவே தாங்கவில்லை அவருக்கு. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அதுவும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு வாரத்தில் ஆட்கள் வந்து என்ஜினைக் கழற்றினார்கள். குழாய் வாய்களை எல்லாம் தூசி போகாமல் மூடிக் கொடுத்தார் அவர். "பெரியவரே, உருக்கப்போற சாமானுக்கு மூடி எதுக்கு?" என்றான் ஒருவன். அவனைத் திட்டுவதற்கு வாயெடுத்து, விட்டுவிட்டார். ஆஸ்பத்திரி எங்கிருந்தோ ஒரு டீசல் வேகப்படகு வரவழைக்கப்போவதாகச் சொன்னார்கள். வருமோ வராதோ. அதுவரை தீவில் நெஞ்சைப் பிடித்தவர்கள் பழையபடி மச்சான் கப்பலில்தான்.

அதற்குப் பின் அவர் வெளியே அதிகம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மச்சான் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தங்கை கொடுத்த டீயைப் பாதி குடித்தார். மழை வரும்போல இருக்கிறது என்றார். முதலாளியின் மகளுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது என்றார். பிறகு டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்க கப்பல்ல ஆயில் துடைக்கிற ஆள் நின்னுட்டான். இடம் காலியா இருக்கு."

மனைவி சமையல்கட்டில் தண்ணீர்க் குழாயை மூடினாள்.

அவர் மச்சானின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டுக்காரன், தீனி, குதிரை, ஏதாவது ஒன்று வரும் என்று காத்திருந்தார். வந்தால் திருப்பிக் கொடுக்கலாம். நன்றாகவே கொடுப்பார், வாய்க்கு இன்னும் ஒன்றும் ஆகிவிடவில்லை. ஆனால் மச்சான் தன் விரல் நகத்திலிருந்த மசியைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக, நோயாளியிடம் பேசுகிற குரலில், "ஒண்ணும் அவசரம் இல்ல மாப்பிள்ளை. உங்களுக்குத் தோணும்போது வாங்க," என்றார்.

முப்பது வருஷப் பழக்கத்தில் மச்சான் அவரை "வாங்க" என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டார் அவர்.

"ஆறுக்கு."

"சரி," என்றார்.